ஒரு வயிற்றில் பிறந்தவர்கள் ஒரே வழியில்தான் போக வேண்டுமா?





பணிவிடை முடிந்து, நெற்றியில் திருநாமம் சார்த்திக்கொண்டு, பதியின் வெளிச்சுற்றில் சற்று நேரம் உட்காருகிற தாய்மார்களின் பேச்சைக் கவனித்தால் ஒரு மாற்றம் தெரியும். முன்பெல்லாம் தீராத நோய், விளையாத நிலம், அடையாத கடன் என்று அய்யாவிடம் முறையிட்டார்கள். இப்போது அதிகமாகக் கேட்கிற முறையீடு, "பிள்ளையளுக்குள்ள ஒத்துமை இல்லை" என்பது. மூத்தவன் ஒரு பக்கம், இளையவன் ஒரு பக்கம், மகள் இன்னொரு பக்கம். ஒரு பானைச் சோறு தின்று வளர்ந்தவர்கள் இப்படிப் போய்விட்டார்களே என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

அந்தக் கண்ணீர் பொய்யல்ல. ஆனால் அதற்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. ஒற்றுமை என்றால் எல்லோரும் ஒரே இடத்தில், ஒரே தொழிலில், ஒரே எண்ணத்தில் இருப்பது என்ற நம்பிக்கை அது. அதிலிருந்து விலகுகிறவன் குடும்பத்தைக் கெடுப்பவன் என்ற தீர்ப்பும் கூடவே வந்துவிடுகிறது. இந்தத் தீர்ப்பு தர்மத்துக்கு ஒத்ததுதானா? வீட்டில் கஷ்டம் இருக்கும்போது ஒரு பிள்ளை தன் வழியைத் தேடிப் போவது பாவமா? போனவன் கடன்பட்டவனா, நின்றவன் மட்டும்தான் நல்லவனா? இளம் வயதினர் பலரும் இந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு வாய்விட்டுக் கேட்க முடியாமல் தவிக்கிறார்கள். பெரியவர்களும் பதில் சொல்வதற்குப் பதிலாக அழுதுவிடுகிறார்கள். அழுகைக்கு யாரால் எதிர்வாதம் பேச முடியும்?

கேள்வியை ஆகாயத்தில் நிறுத்திப் பேசாமல் ஒரு வீட்டை வைத்துப் பேசலாம். அகஸ்தீஸ்வரம் வட்டாரத்தில் எந்த ஊரிலும் இப்படி ஒரு வீடு உண்டு என்பதால் பெயரும் ஊரும் வேண்டியதில்லை.

தகப்பனார் தேங்காய் வியாபாரம் செய்தவர். வியாபாரம் நொடித்தது. வெளிக் கடனும் குழுக் கடனும் சேர்ந்து ஏறின. அந்த நேரத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூத்த மகனுக்கு இருபத்தேழு வயது. சவுதியில் ஒப்பந்த வேலை. மகளுக்கு இருபத்துநான்கு. செவிலியர் படிப்பு முடித்துச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் இருக்கிறாள். ஜெர்மன் மொழியில் பி2 நிலை தேறினால் அந்த நாட்டில் வேலைக்குப் போகலாம் என்று இரவில் உட்கார்ந்து படிக்கிறாள். இளையவனுக்கு இருபத்தொன்று. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு லோடு ஆட்டோ ஓட்டுகிறான். விடியற்காலையில் நிழல் தாங்கலைத் திறந்து விளக்கேற்றுவதும் உகப்படிப்புக்கு நிற்பதும் அவன்தான். திரும்பி வந்து தகப்பனாரைப் புரட்டிப் படுக்க வைப்பதும் அவன்தான்.

மூவரும் கெட்டவர்கள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கெட்ட பிள்ளைகள் இருக்கிற வீட்டில் கேள்வி எளிது. இந்த வீட்டில் மூவரும் நல்லவர்களாக இருந்துகொண்டே ஒருவர்மேல் ஒருவர் கசந்துபோய் இருக்கிறார்கள்.

மூத்தவன் மாதந்தோறும் பணம் அனுப்புகிறான். கடனில் பெரும்பகுதி அவன் பணத்தில் அடைந்தது. தன் கல்யாணத்தை மூன்று வருடமாகத் தள்ளிப்போட்டிருக்கிறான். ஆகவே வீட்டுக் காரியத்தில் கடைசிச் சொல் தன்னுடையது என்று நினைக்கிறான். அங்கே இரவு பத்தரைக்கு வேலை முடித்து அவன் போன் செய்யும்போது இங்கே மணி ஒன்று. தம்பி தூக்கக் கலக்கத்தில் சுருக்கமாகப் பேசினால், "நான் அனுப்புத பைசாவுல இருந்துட்டு எங்கிட்டயே மொறைக்கான்" என்று தோன்றுகிறது. தம்பிக்கோ, "பைசா அனுப்பிட்டா ஆச்சா? மலமும் மூத்திரமும் அள்ளுதது நாந்தான?" என்று தோன்றுகிறது. அக்காவுக்கு இரண்டு பக்கமும் இடி. பெண்பிள்ளை வீட்டில் நின்று அப்பாவைப் பார்க்காமல் சென்னையில் என்ன செய்கிறாள், இனி கடல் தாண்டியும் போக வேண்டுமா என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். அவள் செய்வது எதுவும் கணக்கில் வருவதில்லை. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும் என்று போனில் படம் காட்டிச் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். தகப்பனாருக்கு இன்றுவரை படுக்கைப்புண் வராமலிருப்பதற்குத் தம்பியின் கையும் அக்காவின் படிப்பும் சேர்ந்தே காரணம். வீட்டில் யாரும் அதை அப்படிச் சொல்வதில்லை.

இப்போது திருஏட்டின் பக்கம் வரலாம். கூடியிருப்பதே தர்மம் என்று அகிலத்திரட்டு எங்கே சொல்கிறது? ஏடு வாசிப்பைச் செவிகொடுத்துக் கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். வெட்டுண்ட குறோணியின் துண்டம் யுகந்தோறும் பிறந்து வந்தது. துவாபர யுகத்தில் அது துரியோதனனும் அவன் தம்பிமாருமாக நூறு பேராய்ப் பிறந்தது. அந்த நூறு பேரின் ஒற்றுமைக்கு என்ன குறை? ஒரே அரண்மனையில் வளர்ந்து, அண்ணன் சொல்லைத் தட்டாமல், கடைசிவரை பிரியாமல், ஒரே களத்தில் விழுந்தார்கள். உலகக் கண்ணுக்கு அதைவிடப் பெரிய அண்ணன் தம்பி ஒற்றுமை கிடையாது. ஆனாலும் அது அதர்மத்துக்குக் கட்டிய காவல்.

பாரதக் கதையில் இந்த இடத்தில் இரண்டு பேரைக் கவனிக்க வேண்டும். நூற்றுவரில் ஒருவன் விகர்ணன். சபையில் பாஞ்சாலியை இழுத்து வந்தபோது பீஷ்மரும் துரோணரும் வாயடைத்திருக்க, இது நியாயமில்லை என்று எழுந்து சொன்னவன் அவன். சொன்னான், ஆனால் அண்ணனை விட்டுப் பிரியவில்லை. யுத்தத்தில் அண்ணன் பக்கமே நின்று பீமன் கையால் மடிந்தான். அவனைக் கொன்றதற்காகப் பீமனே வருந்தினான் என்பது கதை. இன்னொருவன் யுயுத்சு. திருதராட்டிரனுக்கு வேறொரு தாயிடம் பிறந்தவன். யுத்தம் தொடங்கும் முன் தருமர் அழைத்தபோது அண்ணன்மாரை விட்டுப் பாண்டவர் பக்கம் வந்துவிட்டான். ஊர் அவனைத் துரோகி என்று சொல்லியிருக்கும். ஆனால் யுத்தம் முடிந்து எல்லோரும் அழிந்த பின் திருதராட்டிரனுக்கு மிஞ்சிய மகன் அவன் ஒருவன்தான். பாண்டவர் நாட்டைத் துறந்து போகும்போது பரீட்சித்துவின் ராஜ்ஜியத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவனிடம்தான் விட்டுப் போனார்கள்.

நியாயம் தெரிந்த இருவரில் ஒருவன் நின்றான், ஒருவன் போனான். நின்றவன் நன்றியுள்ளவன் என்றும் போனவன் நன்றி கெட்டவன் என்றும் சொல்லிவிட முடியுமா? விகர்ணன் நின்றதில் பாசம் இருந்தது, ஆனால் அந்தப் பாசம் யாரையும் காப்பாற்றவில்லை. யுயுத்சு போனதில் பிரிவு இருந்தது, அந்தப் பிரிவுதான் கடைசியில் ஒரு குலத்துக்குக் காவலாக மிஞ்சியது. ஆகவே நின்றானா போனானா என்பதை மட்டும் வைத்துத் தர்மத்தை அளக்க முடியாது. எதற்காக நின்றான், போன பிறகு என்ன செய்தான் என்றே கேட்க வேண்டும்.

சான்றோர் கதையும் இதையேதான் காட்டுகிறது. அயோக அமிர்த வனத்தில் ஏழு கன்னியர்க்குப் பிறந்து, பத்திரகாளியின் மடியில் ஒன்றாய் வளர்ந்த ஏழு பிள்ளைகள். காவேரிக்கு அணை கட்ட மண் சுமக்கும்படி சோழன் கூடையை நீட்டியபோது தொட மாட்டோம் என்று மறுத்தார்கள். இருவர் அதற்காக உயிர் கொடுத்தார்கள். மற்றவர்கள் உயிரோடு விலகினார்கள். உயிர் கொடுத்தவர்களோடு சேர்ந்து மடியாததற்காக அவர்களை யாரும் இகழ்ந்ததில்லை. மானத்தில் எழுவரும் ஒன்றுதான், ஆனால் அவரவருக்கு வாய்த்த முடிவு வேறு.

இன்னும் பக்கத்தில் பார்த்தால் அய்யாவின் ஐந்து சீடர்கள். அவர்கள் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள் அல்லர். வெவ்வேறு ஊர், வெவ்வேறு வீடு. அவர்களுக்கு அய்யா பஞ்ச பாண்டவரின் பெயர்களைக் கொடுத்து உடன்பிறந்தார் ஆக்கினார். அப்படி ஆக்கியவர் எல்லோருக்கும் ஒரே பணியைக் கொடுக்கவில்லை. தாமரைகுளத்து அரிகோபாலன் சீடர் ஏடெழுதினார். 1841ஆம் ஆண்டு அகிலத்திரட்டு அவர் கையால் எழுத்தில் ஏறியது. மற்றச் சீடர்களும் ஏடெழுதவில்லையே என்று யாரும் குறை சொன்னதில்லை.

இந்த வட்டாரத்தின் குடும்பங்களுக்குப் பிரிந்து நடப்பது புதிதும் அல்ல. 1806இல் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்த பிறகு ஒரே வீட்டில் அண்ணன் ஆலயத்துக்கும் தம்பி தாங்கலுக்கும் போன குடும்பங்கள் எத்தனையோ. தலைப்பாகை கட்டி நெற்றியில் நாமமிட்டு நிமிர்ந்து நின்றவனும், பள்ளிக்கூடம் போய் எழுத்துப் படித்தவனும் ஒரே மானத்தைத்தான் வேறு வேறு வாசலில் தேடினார்கள். அந்தக் காலத்தில் கசப்பு இருந்ததை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கல்யாணத்துக்கும் சாவுக்கும் ஒருவர் வீட்டு முற்றத்தில் ஒருவர் வந்து நின்றார்கள், இன்றும் நிற்கிறார்கள். வழி பிரிந்ததால் உறவு செத்துவிடவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. சில இளைஞர்கள் அய்யாவின் சரித்திரத்தையே தங்களுக்குச் சாக்காக எடுத்துக்கொள்கிறார்கள். கொல்லம் 1008 மாசியில் திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வந்தபோது, கரையில் காத்திருந்த வெயிலாள் அம்மை மகனே என்று ஓடி வந்ததும், இனி நான் உன் மகனல்ல, நாராயணரின் மகன் என்ற பொருளில் அய்யா உரைத்ததும் எல்லோரும் அறிந்ததே. அதைச் சொல்லி, அய்யாவே தாயை விலக்கினாரே என்று பேசுவது தவறு. அது அவதார ரகசியம். ஒரு தாய்க்குரியவர் உலகத்துக்கு உரியவராக வந்த இடம். வாடகை வீடு பார்த்துத் தனிக்குடித்தனம் போவதற்கு அதை உவமை காட்டக்கூடாது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. அந்த வார்த்தையைச் சொன்ன பிறகு அய்யா தூர தேசம் போகவில்லை. அந்த அம்மையின் ஊரான பூவண்டன்தோப்புக்கே வந்து, ஆறு வருடம் அங்கேதான் தவமிருந்தார். தினமும் பார்க்கக்கூடிய இடத்தில்தான் அவர் இருந்தார்.

அப்படியானால் அந்த வீட்டின் மூன்று பிள்ளைகளுக்கும் தர்மம் என்ன? எளியோரைக் காப்பதையே அய்யா தர்மமாக வகுத்தார். அதை ஊருக்கும் நாட்டுக்கும் மட்டும் உரியதாக வைத்துக்கொண்டு வீட்டுக்குள் மறந்துவிடுகிறோம். வீட்டுக்குள் எளியவர் யார்? இந்த வீட்டில் இன்றைக்குத் தகப்பனார். எழுந்து தண்ணீர் குடிக்க முடியாதவர். ஆகவே எது முதலில் என்ற கேள்விக்குப் பதில் அவர் படுக்கையிலிருந்து தொடங்க வேண்டும். மூத்தவனின் உரிமை, இளையவனின் தியாகம், மகளின் எதிர்காலம் எல்லாம் அதற்குப் பின். அவருக்கு இன்றைக்கு வேண்டியது நடக்கிறதா என்று பார்த்துவிட்டால், அதற்கு மூவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்பது தெரிந்துவிடும். ஒருவர் அருகில் வேண்டும். மருந்துக்குப் பணம் வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் வேண்டும். மூன்றும் இருக்கின்றன, அதுவும் மூன்று பேரிடம் இருக்கின்றன.

அன்னதர்மம் நடக்கிற நாளில் தாங்கலில் போய்ப் பாருங்கள். ஒருவர் அரிசி கொண்டுவருகிறார், ஒருவர் விறகு வெட்டுகிறார், ஒருவர் காய் நறுக்குகிறார், ஒருவர் அடுப்புச் சூட்டில் நின்று கிண்டுகிறார். சோறு இலையில் விழுந்த பிறகு, இது யார் போட்ட அரிசி, யார் வெட்டிய விறகில் வெந்தது என்று பிரித்துப் பார்க்க முடியுமா? அரிசி தந்தவர் பெரியவரா, கிண்டியவர் பெரியவரா என்று அங்கே யாரும் சண்டை போடுவதில்லை. அதே ஆட்கள் வீட்டுக்குப் போய் அண்ணன் தம்பியிடம் அந்தக் கணக்கைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். தாங்கலில் இல்லாத கணக்கு வீட்டில் மட்டும் எங்கிருந்து வருகிறது? அதைத்தான் கலி என்று சொல்ல வேண்டும். கலியன் என்றதும் கொம்பும் கோரைப்பல்லும் நினைக்க வேண்டாம். "எல்லாம் நாந்தான பாக்கேன்" என்ற ஒரு வாக்கியத்துக்குள் அவன் வசதியாகக் குடியிருப்பான்.

மூத்தவன் செய்கிற உதவி பெரியது. ஆனால் பணம் அனுப்புகிறவன் அந்தப் பணத்தால் வீட்டை விலைக்கு வாங்கிவிடவில்லை. தம்பி சம்பளத்துக்கு நிற்கிற ஆள் இல்லை. அனுப்பிய தொகையை ஒவ்வொரு சண்டையிலும் எடுத்துச் சொன்னால், கொடுத்த தர்மத்தைக் கொடுத்தவனே திரும்ப எடுத்துக்கொண்டதாகும்.

இளையவனைப் பற்றிப் பேசுவது இன்னும் கடினம். ஊர் முழுக்க அவனைப் புகழ்கிறது, புகழ்கிறவனைத் திருத்த யாருக்கும் மனம் வராது. ஆனாலும் கேட்டாக வேண்டும். அவன் நிற்பது அப்பாவுக்காகவா, வெளியே போகப் பயந்தா? படிப்பை விட்டது கடமைக்காகவா, கடமை என்ற பெயரில் தேர்வுக்குத் தப்பித்தா? இந்தக் கேள்விக்கு வெளியிலிருந்து யாரும் பதில் சொல்ல முடியாது. பள்ளியறையில் கண்ணாடிக்கு முன் நிற்கும்போது அவனுக்குத் தெரியும். அண்ணனோ அக்காவோ அந்தக் கண்ணாடியில் தெரிய மாட்டார்கள், அவன் முகம் மட்டும்தான் தெரியும். கடமைக்காக நின்றவன் என்றால் நிற்பதும் ஒரு வழிதான், போகாமல் விட்டுப்போன மிச்சம் அல்ல. அப்படி நிற்கிறவன் போனவர்கள்மேல் கோபப்பட மாட்டான், களைத்துப்போவான், அவ்வளவுதான். களைப்புக்கு ஓய்வு வேண்டும். அண்ணன் விடுப்பில் வருகிற நாற்பது நாளும் விருந்து சாப்பிடாமல், தம்பியை எங்காவது போய்வா என்று அனுப்பிவிட்டு அப்பாவைத் தானே புரட்டிப் படுக்க வைத்தால், ஆறு மாதச் சண்டை தீரும்.

மகளைப் பற்றிச் சொல்லும்போது ஒரு காகிதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாத்தா வழி வந்த தென்னந்தோப்பு கொஞ்சம் இருக்கிறது. அதில் தனக்குப் பங்கு வேண்டாம் என்று அவள் விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்கிறார்கள். படிக்க வைத்தாகிவிட்டது, நகை போட்டுக் கட்டிக்கொடுக்கப் போகிறோம், இனி தோப்பில் என்ன பங்கு என்பது வாதம். அம்மாவும், "கையெழுத்துப் போட்டுரு மக்கா, அண்ணன் தம்பி உறவு வேணும்லா" என்கிறாள். அன்பாகச் சொல்லும்போது அநியாயம் அநியாயமாகத் தெரிவதில்லை.

நாட்டுச் சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. தமிழ்நாட்டில் 1989இலேயே மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் பங்கு உண்டு என்று திருத்தம் வந்தது. 2005இல் நாடு முழுவதற்கும் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பால் உரிமை என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. 2020இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பெற்றோரைப் பார்க்கும் கடமையிலும் சட்டம் மகன், மகள் என்று வேறுபாடு காட்டவில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கைவிடப்பட்ட பெற்றோர் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுத்தால் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை பிள்ளைகளிடமிருந்து வாங்கித் தர முடியும். மகளிடமும் கேட்கலாம். ஆக, கடமையில் மகள் பிள்ளை, பங்கில் மட்டும் வேற்றாள் என்று வைத்துக்கொள்வது சட்டத்துக்கும் பொருந்தாது, அன்புக்கொடிக்கும் பொருந்தாது. பெண்ணுக்குத் தோள்சீலை மறுக்கப்பட்ட நாட்டில், மானத்தோடு நில் என்று சொன்ன வழி இது. அந்த வழியில் நடப்பவர் வீட்டில் பெண்ணின் மௌனத்தைச் சம்மதம் என்று எழுதிக்கொண்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போகலாமா?

அவள் மனமார விட்டுக்கொடுத்தால் அது வேறு. தோப்பு தம்பிக்கே இருக்கட்டும், அவன்தான் அப்பாவோடு இருக்கிறான் என்று அவளாகவே சொல்லக்கூடும். அப்படிச் சொல்வதற்கு அவளுக்கு இடம் வேண்டும் என்றால், மாட்டேன் என்று சொல்வதற்கும் இடம் இருக்க வேண்டும். மறுக்க முடியாதவள் கொடுத்ததைத் தர்மம் என்று எப்படிச் சொல்வது?

அவள் கடல் தாண்டிப் போவதைப் பற்றி ஊர் பேசுகிறதே, அதில் ஒரு வேடிக்கை உண்டு. மூத்தவன் போனபோது வழியனுப்ப இரண்டு வேன் நிறைய ஆள் போனது. அவள் மொழி படிக்கிறாள் என்றதும் குடும்பம் சிதறுகிறது என்கிறார்கள். போவது தவறு என்றால் இருவருக்கும் தவறு, சரி என்றால் இருவருக்கும் சரி. நோயாளிகளைத் தொட்டுத் தூக்கிச் சுத்தம் செய்கிற வேலைக்குத்தான் அவளும் போகிறாள். அங்கேயும் எழ முடியாத ஒருவர் படுக்கையில் காத்திருக்கிறார்.

இதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி எழும். எல்லோரும் அவரவர் வழி என்று போனால், வழி என்ற பெயரில் சுயநலம் நுழைந்துவிடாதா? நுழையும், நுழைந்துகொண்டும் இருக்கிறது. போன பிறகு போன் எண்ணை மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. அப்பா செத்த செய்தி கேட்டுத் தோப்பு அளக்க வந்தவர்களும் உண்டு. ஆனால் அதைத் தடுக்கப் பிள்ளைகளைக் கட்டிப்போடுவது மருந்தாகாது. கட்டிப்போட்ட பிள்ளை ஒரே வீட்டில் இருந்துகொண்டே சுயநலமாக இருப்பான், ஒரே அடுப்பில் இரண்டு பானை வைப்பான். சில வீடுகளில் குடியும் அடியும் இருக்கும். அங்கே அண்ணனிடமிருந்து விலகித் தள்ளி நிற்பதே தங்கைக்கும் தாய்க்கும் பாதுகாப்பு. அப்படிப்பட்ட இடத்தில் ஒற்றுமை என்று புத்தி சொல்லித் திருப்பி அனுப்புகிற பெரியவர்கள், தாங்கள் யாரைக் காக்கிறோம் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பெற்றோர் பங்கையும் சொல்லாமல் விட முடியாது. வருகிறவர்களிடமெல்லாம் "எனக்கு இருக்கது இவன் ஒருத்தன்தான்" என்று இளையவனைக் காட்டி அம்மா சொல்கிறாள். சொல்வது பாசத்தில்தான். ஆனால் அந்த வார்த்தை போனில் இருக்கும் மூத்தவனுக்கும் கேட்கிறது, சென்னையில் இருக்கும் மகளுக்கும் யாராவது சொல்லிவிடுகிறார்கள். இளையவனுக்கோ அது புகழும் விலங்கும் சேர்ந்தது. நாளைக்கு ஒரு நல்ல வேலை வந்தாலும் அவனால் வாயெடுக்க முடியாது. பிள்ளைகளின் பிரிவுக்கு வருந்துகிற தாய்மார்கள், தங்கள் நாக்கு எங்கே கோடு கிழித்தது என்று பார்த்தால் நல்லது.

இந்த வீட்டில் இப்போது ஒரு சிறு ஏற்பாடு நடந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாலையில் மூவரும் ஒரே அழைப்பில் பேசுகிறார்கள். முதலில் அப்பாவின் காரியம், பிறகுதான் மற்றது. முதல் இரண்டு வாரமும் பேச்சு சண்டையில் முடிந்தது. மூன்றாவது வாரம், அப்பாவைப் பார்க்கப் பகலில் நாலு மணி நேரத்துக்கு ஒரு ஆள் வைக்கலாம், அந்தச் செலவை மூத்தவனும் மகளும் பகிர்ந்துகொள்ளலாம், அந்த நேரத்தில் இளையவன் விட்ட படிப்பை முடிக்கலாம் என்று மகள் சொன்னாள். மூத்தவன் உடனே சம்மதிக்கவில்லை. பிறகு சம்மதித்தான். விடுதலைப் பத்திரத்தின் நகல் இன்னும் பீரோவில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது. அதைப் பற்றி யாரும் இதுவரை பேச்செடுக்கவில்லை, பேசித்தான் ஆக வேண்டும்.

கார்த்திகையில் தாங்கலில் திருஏடு வாசிப்பு தொடங்குகிறது. மூத்தவனுக்கு விடுப்பு கிடைக்காது. ஒரு நாள் அன்னதர்மத்துக்கு அரிசி தன் கணக்கில் என்று எழுதச் சொல்லியிருக்கிறான். மூன்று பேர் பெயரில் எழுது என்று மகள் சொல்ல, அப்படியே எழுதியாகிவிட்டது. அன்றைக்கு அப்பாவைச் சக்கர நாற்காலியில் தாங்கல் வாசல்வரை கொண்டுவரலாமா என்று இளையவன் அக்காவிடம் கேட்டான். முதுகுக்குத் தலையணை வைத்து, அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காமல் கொண்டுவரலாம் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.